கம்பெனி போர்டில் இருக்கும் பெயர் எந்த ஊருடையது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது பாதி படியுங்கள், மீதியை ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேலிப் பேச்சு ஓடியது. "பதினான்காம் லூயி, கோல்பேர், பிரெஞ்சுப் புரட்சி என்று சார் நம்மை உருப்போட வைத்தாரே, அது எதற்காவது உதவியதா?" என்று ஒருவர் கேட்டார். "உதவியதே, மதிப்பெண்ணுக்கு" என்று இன்னொருவர் பதில் போட்டார். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு என் கருத்தை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

என் கருத்து இதுதான். ஐரோப்பாவின் வரலாறும் கனடாவின் வரலாறும் ஸ்ரீபெரும்புதூர்க்காரனுக்குத் தூரத்து வரலாறு இல்லை. தமிழ்நாட்டில் அதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை வேலைக்குப் போய்வரும் நீங்கள்தான் முதலில் வருவீர்கள். நான் சொல்வது பொது அறிவுக்காக இல்லை. உங்கள் வேலைக்காகவும் இந்த ஊருக்காகவும் சொல்கிறேன்.

நம் ஊரை வெளியூர்க்காரர்கள் இரண்டு பெயர்களால் அறிவார்கள். ஒன்று இங்கே அவதரித்த ராமானுஜர். இன்னொன்று 1991 மே 21 அன்று இங்கே உயிரிழந்த ராஜீவ் காந்தி. ஆனால் இன்று நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் வேறு பெயர்கள்தான் கண்ணில் படும். செயின்ட் கோபைன், ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாகப் பலகைகள். இந்தப் பெயர்களில் பல ஒரு மனிதருடையவை, சில ஒரு ஊருடையவை. அந்த ஊரில் நம்மைப் போலவே காலை ஷிப்டுக்கு ஓடியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

முதலில் லூயியையும் கோல்பேரையும் எடுத்துக்கொள்வோம். அவர்களைத்தானே கேலி செய்தீர்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் நல்ல நிலைக்கண்ணாடி வேண்டுமென்றால் வெனிஸிடம்தான் வாங்க வேண்டும். வெனிஸுக்குப் பக்கத்தில் முரானோ என்ற தீவில் கண்ணாடி வேலைக்காரர்கள் இருந்தார்கள். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்பதற்காக அவர்கள் நாட்டை விட்டுப் போகவே அந்த அரசு தடை போட்டிருந்தது. பிரான்சின் நிதி அமைச்சர் கோல்பேருக்கு, கண்ணாடிக்காகத் தன் நாட்டுப் பணம் வெளியே போவது பிடிக்கவில்லை. முரானோ கைவினைஞர்களை ஆசை காட்டிப் பாரிசுக்கு வரவழைத்தார். 1665 அக்டோபரில் மன்னர் பதினான்காம் லூயி கையெழுத்திட்டு, ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்குத் தனியுரிமையும் சலுகைகளும் கொடுத்தார். 1684-இல் முடிந்த வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள் உண்டு. அவற்றைச் செய்தது அந்த நிறுவனம். பிற்பாடு வட பிரான்சில் செயின்ட் கோபைன் என்ற சிற்றூரில் ஆலை அமைத்தார்கள். அந்த ஊர்ப் பெயரே கம்பெனியின் பெயராகிவிட்டது. 2000-ஆம் ஆண்டு அது நம் ஊரில் கண்ணாடி உற்பத்தியைத் தொடங்கியது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? அரசாங்கம் நிலமும் சலுகையும் கொடுத்துத் தொழிற்சாலையை அழைத்து வருவது சிப்காட் காலத்தில் பிறந்த யோசனை இல்லை. முந்நூற்று அறுபது ஆண்டுப் பழைய யோசனை. தொழிற்சாலை எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சந்தை மட்டும் முடிவு செய்வதில்லை, அரசின் கணக்கும் முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு மாறினால் தொழிற்சாலையின் இடமும் மாறலாம். இன்னொன்றும் உண்டு. கோல்பேர் தேடியது மண்ணையோ மரத்தையோ இல்லை, வேலை தெரிந்த மனிதர்களை. ஒரு தொழிலாளியின் கையில் இருக்கும் திறமைக்கு ஒரு அரசனும் ஒரு குடியரசும் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதை உங்கள் பேட்ஜைக் கழுத்தில் மாட்டும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசின் கணக்கு என்றால் என்ன என்பதற்குக் கனடாவில் ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கு நேர் எதிரே ஆற்றின் இக்கரையில் இருப்பது கனடாவின் வின்ட்சர் பகுதி. 1904-இல் கார்டன் மெக்ரிகர் என்பவர் அங்கே ஒரு வண்டிப் பட்டறையில் ஃபோர்டு கார்களைச் செய்யும் கம்பெனியை ஆரம்பித்தார். ஆற்றைத் தாண்டினால் ஃபோர்டின் சொந்த ஆலை. பிறகு ஏன் இக்கரையில் இன்னொன்று? வெளிநாட்டிலிருந்து வரும் கார்களுக்குக் கனடா கடுமையான இறக்குமதி வரி போட்டிருந்தது. கனடாவுக்குள்ளேயே செய்தால் அந்த வரி இல்லை. அத்தோடு பிரிட்டிஷ் பேரரசுக்குள் சலுகையோடு விற்கவும் முடியும். அதனால் பிரிட்டன் நீங்கலாகப் பேரரசின் மற்ற நாடுகளில் ஃபோர்டு விற்கும் உரிமை கனடா கம்பெனிக்கு வந்தது. 1926-இல் இந்தியாவில் தொடங்கிய பழைய ஃபோர்டு கம்பெனி அந்தக் கனடா ஃபோர்டின் கிளைதான். சென்னையில் அதற்கு இடம் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசின் தொழில் கொள்கை மாறியது, 1950-களில் அது கடையை மூடிக்கொண்டு போனது. மறுபடி 1990-களில் மறைமலைநகருக்கு வந்தது. 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தது, 2022-இல் கடைசி வண்டியும் வெளியே போனது. ஆக, ஒரே பெயர் நம் மாவட்டங்களின் பக்கம் இரண்டு முறை வந்து, இரண்டு முறை போயிருக்கிறது. மறைமலைநகரில் வேலை இழந்தவர்களுக்கு இந்த முதல் வருகையும் முதல் போக்கும் தெரிந்திருந்தால் மூடாமல் இருந்திருக்குமா? இருக்காது. ஆனால் "நம்மிடம் மட்டும் இப்படி நடந்துவிட்டதே" என்ற திகைப்பு குறைந்திருக்கும். "போவதற்கு முன் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்" என்ற கேள்வி முன்கூட்டியே எழுந்திருக்கும்.

அந்தக் கேள்விக்குச் சரியான பாடம் நோக்கியாவின் கதை.

பின்லாந்தில் 1865-இல் ஃபிரெட்ரிக் இடெஸ்டாம் என்ற பொறியாளர் தம்மர்கோஸ்கி அருவியோரம் ஒரு மரக்கூழ் ஆலை வைத்தார். அடுத்த ஆலையை நோக்கியா என்ற ஊரின் ஆற்றங்கரையில் வைத்தார். ஊர்ப் பெயர் கம்பெனிக்கு வந்தது. கூழ், காகிதம், ரப்பர் பூட்ஸ், கேபிள் எல்லாம் தாண்டித்தான் அது செல்போனுக்கு வந்தது. 2006-இல் நம் ஊரில் உற்பத்தி தொடங்கியது. நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சொந்தச் சம்பளம் வாங்கிய முதல் இடங்களில் அது ஒன்று. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால் நம் ஊர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை, பிறகு ஆர்டரும் நின்றது. இதுவரை உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது இதற்கு முந்தைய வரிசை. ஜெர்மனியில் போகும் என்ற நகரம். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர். சுரங்கங்கள் மூடியபோது கார் கம்பெனி வந்தது, பிறகு நோக்கியா வந்தது. 2008 ஜனவரியில் அந்த ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 2,300 பேருக்கு வேலை போயிற்று. வேலை ருமேனியாவில் குளூஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனது, ஏனென்றால் அங்கே கூலி குறைவு. மூன்றே ஆண்டுகளில், 2011-இல், அதையும் மூடினார்கள். 2012-இல் பின்லாந்திலேயே சாலோ என்ற சிறு நகரத்தில் இருந்த ஆலையில் உற்பத்தி நின்றது. 2014-இல் ஸ்ரீபெரும்புதூர்.

போகும், குளூஜ், சாலோ, ஸ்ரீபெரும்புதூர். இந்த நான்கு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நாம் தனி ஊர் இல்லை. ஒரு வரிசையில் நான்காவதாக நின்ற ஊர். தாய்நாட்டு ஊரான சாலோவுக்கே அந்தக் கம்பெனி தயவு காட்டவில்லை என்றால், நமக்குக் காட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பிசகு. தயவு என்ற சொல்லே இந்தக் கணக்கில் கிடையாது.

ஆனால் மூடிய விதத்தில் வித்தியாசம் இருந்தது. போகும் நகரத்தில் ஊரே தெருவுக்கு வந்தது. அமைச்சர்களும் அரசியல்வாதிகளும் தங்கள் நோக்கியா போனைக் கைவிட்டார்கள். ஆலைக்கு அரசு கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கொடு என்று அந்த மாநில அரசு கேட்டது. ஜெர்மனியில் ஆலையை மூடுவதற்கு முன் தொழிலாளர் குழுவோடு பேசி இழப்பீட்டுத் திட்டம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பேசி முடித்தபோது தொழிலாளர்களுக்கு 20 கோடி யூரோ இழப்பீட்டுத் திட்டம் கிடைத்தது. அங்கே இருந்த பொறியாளர்களின் திறமையைப் பார்த்து, பிளாக்பெர்ரி செய்த கனடாக் கம்பெனி அதே நகரத்தில் ஆராய்ச்சி மையம் திறந்தது. போகும் ஆலையைத் தடுக்க முடியவில்லை. ஆனால் வெறுங்கையோடு அனுப்பவும் விடவில்லை. இந்த வித்தியாசம் அந்த ஊர்க்காரர்களின் தோலின் நிறத்தால் வந்தது இல்லை. அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது, ஒரு சங்கம் இருந்தது, சுரங்கம் மூடிய நாளிலிருந்து ஊருக்கு ஒரு நினைவு இருந்தது.

அந்தச் சட்டங்களும் வானத்திலிருந்து விழவில்லை. ரெனோவைப் பாருங்கள். பாரிசை ஒட்டிய பில்லாங்கூர் என்ற இடத்தில் 1898-இல் லூயி ரெனோ தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் முதல் கார் செய்தார். அங்கே வளர்ந்த ஆலை செய்ன் நதியின் நடுவில் ஒரு தீவையே விழுங்கியது. 1936-இல் பிரான்ஸ் முழுக்கத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது பில்லாங்கூர் அதில் முன்னணியில் இருந்தது. அந்த ஆண்டில்தான் பிரெஞ்சுத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் 40 மணி நேர வாரமும் சட்டமாயின. 1955-இல் ரெனோ தொழிலாளர்கள் ஒப்பந்தம் போட்டு மூன்றாவது வாரத்தை வாங்கினார்கள். அடுத்த ஆண்டே அது நாடு முழுவதுக்கும் சட்டமானது. 1962-இல் நான்காவது வாரமும் அந்தக் கம்பெனி ஒப்பந்தத்தில் வந்தது. ஒரு ஆலையில் வாங்கிய விடுமுறையில் நாட்டின் பிள்ளைகள் எல்லாம் கடற்கரைக்குப் போனார்கள்.

நடுவில் இன்னொரு கதையும் உண்டு. ஜெர்மனி பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில் அந்த ஆலை ஜெர்மன் ராணுவத்துக்கு லாரி செய்தது. விடுதலைக்குப் பிறகு 1944-இல் லூயி ரெனோ கைது செய்யப்பட்டு, காவலில் இருக்கும்போதே இறந்துபோனார். 1945-இல் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது. 1992-இல் அந்தத் தீவு ஆலை மூடப்பட்டது. பின்னர் இடித்தார்கள். இன்று அங்கே ஒரு இசை அரங்கம் இருக்கிறது. ரெனோ 2010 முதல் ஒரகடத்தில் இருக்கிறது. அந்தக் கேட்டுக்குள் போகிறவருக்கு, பில்லாங்கூர் என்று ஒரு இடம் இருந்தது, அங்கே ஒருவன் போராடி வாங்கியதால் உலகத்தில் சம்பளத்தோடு விடுமுறை என்ற எண்ணம் பரவியது என்று தெரிய வேண்டாமா? நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று எழுதியது. அதையே கேட்கத் தெரியாத எத்தனை காண்ட்ராக்ட் பிள்ளைகள் நம் தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எந்திரம் கப்பலில் ஏறி வந்துவிடும். உரிமை அப்படி வராது. அதை அந்தந்த ஊரில்தான் செய்துகொள்ள வேண்டும்.

சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது. "வேலை போய்விடும், அந்தப் பக்கம் போகாதே" என்கிறோம். 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது நம் உறவுகளுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆனது. சம்பளம் மட்டும் பிரச்சினை இல்லை, சங்கத்தை ஏற்றுக்கொள்வதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அந்த வாதத்தில் எந்தப் பக்கம் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இதே கேள்வியை வேறு ஒரு ஊர் எப்படித் தீர்த்தது என்று மட்டும் சொல்கிறேன்.

முன்னே சொன்ன வின்ட்சர்தான் அந்த ஊர். 1945 செப்டம்பர் 12 அன்று அங்கே ஃபோர்டு தொழிலாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். 99 நாள் நடந்தது. நவம்பரில் ஆலையைச் சுற்றித் தெருவெல்லாம் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தி அடைத்துவிட்டார்கள். கடைசியில் இரு தரப்பும் நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். நடுவராக வந்தவர் கனடா உச்ச நீதிமன்ற நீதிபதி ஐவன் ராண்ட். 1946 ஜனவரியில் அவர் சொன்ன தீர்ப்பு எளிமையானது. சங்கத்தில் சேர யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் சங்கம் வாங்கித் தரும் பலன் எல்லோருக்கும் போகிறது, அதனால் சந்தா எல்லோர் சம்பளத்திலும் பிடிக்கப்படும். பதிலுக்குச் சங்கமும் ஒப்பந்தக் காலத்தில் சட்டத்துக்குப் புறம்பாக வேலையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் தண்டனை. இரண்டு பக்கமும் கொஞ்சம் வாங்கி, கொஞ்சம் கொடுத்தது. ராண்ட் சூத்திரம் என்ற பெயரில் அது கனடா முழுக்கப் பரவியது.

கனடா போனால் நிம்மதியாக வேலை பார்க்கலாம், அங்கே மரியாதை இருக்கிறது என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்த மரியாதைக்குப் பின்னால் 99 நாள் குளிரில் நின்றவர்கள் இருக்கிறார்கள். அந்த மரியாதையை அனுபவிக்க விமானம் ஏறுகிறோம். அதைச் செய்துகொள்வது எப்படி என்று மட்டும் கேட்பதில்லை.

நமக்கும் இதில் பழம் பெருமை உண்டு. 1918 ஏப்ரலில் சென்னையில் பின்னி மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். பிரிட்டிஷ் நிர்வாகம் வழக்குப் போட்டு வாடியாவுக்கு எதிராக நீதிமன்றத் தடை வாங்கியது. அந்த அநியாயத்தைச் சரிசெய்ய எழுந்த குரலிலிருந்துதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி சொன்னது. நிர்வாகம் அதை ஏற்றுப் பேசியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. சுங்குவார்சத்திரத்தில் இடித்த சுவர், பெரம்பூரிலேயே பாதி கட்டிவிட்ட சுவர்தான்.

நான் தொழிற்சாலைக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்வாதமும் எனக்குத் தெரியும். "சார், கம்பெனி வருவதற்கு முன் இந்த ஊரில் என்ன இருந்தது? ஏரிப் பாசனமும் கடனும்தானே? எங்கள் வீட்டில் மாடி ஏறியது கம்பெனியால். பயமுறுத்தினால் இருக்கிற கம்பெனியும் ஓடிவிடும்" என்பீர்கள். முதல் பாதி முழு உண்மை. இந்த ஊர்ப் பெண்பிள்ளை தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பதற்கு எந்தச் சீர்திருத்தப் பேச்சைவிடவும் மாதச் சம்பளம்தான் பெரிய காரணம். இரண்டாம் பாதியோடுதான் நான் ஒத்துப்போகவில்லை. போகும் ஊரிலிருந்து வேலை குளூஜுக்குப் போனது கூலி குறைவு என்பதற்காக. சரி, கூலி குறைவாக இருந்த குளூஜில் வேலை தங்கியதா? மூன்று ஆண்டு தங்கியது. அடங்கி இருப்பதும் மலிவாக இருப்பதும் காப்பு என்றால் குளூஜ் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் எது காப்பு? முழுக் காப்பு எதுவும் இல்லை. ஓரளவு உதவியவை என்ன என்று மட்டும் வரலாறு காட்டுகிறது.

ஒன்று, கையில் இருக்கும் திறமை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். தையல் ஊசி செய்வதில் பெயர் வாங்கிய ஊர். அங்கேதான் 1901-இல் முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. 1955-இல் சென்னையில் கூட்டுக் கம்பெனி அமைந்து, திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கினார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடியது. 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனியே முடிந்துபோனது. ஆனால் திருவொற்றியூர் மெக்கானிக்குகளின் கை ஓயவில்லை. பிறகு அங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அந்தப் பெயர் நிற்கிறது. பெற்ற ஊர் கைவிட்ட பிள்ளையை வளர்த்த ஊர் காப்பாற்றியது. ஒரே ஸ்குரூவை ஒரே இடத்தில் திருப்பும் வேலையில் ஐந்து ஆண்டு இருக்கிற தம்பி தங்கைகள் இதை யோசிக்க வேண்டும். கம்பெனி போனாலும் உங்களோடு வரக்கூடிய வேலை எது? அதைக் கற்றுக்கொள்ள மாதம் இரண்டு ஞாயிறு ஒதுக்குங்கள்.

இரண்டு, எழுதி வாங்கிய ஒப்பந்தம். டொராண்டோவிலிருந்து கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஓஷவா. ஸ்கார்பரோவில் இருக்கும் நம் உறவுகளுக்குத் தெரிந்த ஊர்தான். மெக்லாக்லின் குடும்பம் குதிரை வண்டி செய்த ஊர், 1918-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆனது. 1937-இல் நடந்த வேலைநிறுத்தத்தில் மாகாண முதல்வரே எதிர்த்து நின்றும் தொழிலாளர்கள் ஒப்பந்தம் வாங்கினார்கள். 2018-இல் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, 2019 டிசம்பரில் கார் உற்பத்தி நின்றது. ஆனால் சங்கம் பேச்சை விடவில்லை. 2020 ஒப்பந்தத்தில் ஆலையை மறுபடி திறக்க ஒப்புக்கொள்ள வைத்தார்கள், 2021-இல் லாரி உற்பத்தி தொடங்கியது. எல்லா ஊருக்கும் இப்படி வாய்க்காது. ஆனால் பேச ஒரு மேசை இருந்த ஊருக்குத்தான் இது வாய்த்தது.

மூன்று, நினைவு. டைம்லரின் கதையில் 1888-இல் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கார் ஓட்டிய துணிச்சல் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். வழியில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றிக்கொண்டு ஓட்டினார். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதே கம்பெனியில் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் போர்க் கைதிகளும் ஏராளம். 1944 வாக்கில் வேலைக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதி அப்படிப்பட்டவர்கள். இன்று அந்த நிறுவனமே தன் வரலாற்றில் இதை எழுதுகிறது. தானாக எழுதவில்லை. ஆய்வாளர்கள் தோண்டினார்கள், உயிர் பிழைத்தவர்கள் பேசினார்கள், காகிதங்கள் மிச்சம் இருந்தன. காகிதம் இல்லாத ஊருக்கு வரலாறு இல்லை, வரலாறு இல்லாத ஊரால் எதையும் கேட்க முடியாது.

அதனால் உங்களிடம் கேட்பது இவைதான்.

உங்கள் பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், பயிற்சிச் சான்றிதழ், வேலை விட்ட கடிதம், பழைய ஐடி கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வையுங்கள். நாளைக்கு இழப்பீடு கேட்கவும் உதவும், நாளை மறுநாள் இந்த ஊர் வரலாற்றை எழுதவும் உதவும். 2006 முதல் 2014 வரை வேலை செய்த பெண்பிள்ளைகள் இப்போது நாற்பதை நெருங்குகிறீர்கள். உங்கள் முதல் சம்பளம், ஷிப்ட் நேரம், ஹாஸ்டல், கடைசி நாள் எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுத வராவிட்டால் குரல் பதிவாக அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். உங்கள் பெயர் வெளியே வராது.

போகும் பக்கமோ, ஸ்டட்கார்ட் பக்கமோ, ஓஷவா, வின்ட்சர் பக்கமோ இருக்கும் பிள்ளைகள், வார இறுதியில் நயாகரா போட்டோவோடு நிறுத்தாதீர்கள். மூடிய ஆலை இருந்த இடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே ஒரு பெரியவர் கிடைத்தால் பேசுங்கள். மூடிய பிறகு ஊர் என்ன செய்தது என்று கேட்டு நம் குழுவில் போடுங்கள்.

இப்போது பள்ளியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழிற்புரட்சி பாடம் நடத்தும்போது மான்செஸ்டரோடு நிற்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கம்பெனி போர்டைக் கொடுங்கள். அந்தப் பெயர் யாருடையது, எந்த ஊருடையது, அந்த ஊரில் இன்று என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ அந்தக் கேட்டுக்குள்தான் வேலை செய்கிறார்கள். வீட்டிலேயே பாடம் தொடங்கிவிடும்.

லூயியும் கோல்பேரும் எதற்கு உதவினார்கள் என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான். அந்தப் பெயர்கள் மதிப்பெண்ணோடு தீர்ந்துபோகவில்லை. நீங்கள் தினமும் பஞ்ச் அடிக்கும் கேட்டுக்கு மேலே அவர்கள் காலத்து ஊர்ப் பெயர் இன்னும் எழுதியிருக்கிறது.

ஃபைல் போட்டு வைத்தவர்கள், எழுதப் போகிறவர்கள், மாறுபட்ட கருத்து உள்ளவர்கள் எல்லோரும் கீழே எழுதுங்கள். மாறுபட்டவர்கள் முதலில் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்,
உங்கள் பழைய சோஷியல் வாத்தியார்
ஸ்ரீபெரும்புதூர்